கூப்பிட்டால் வருகிறவர்

ஒரு பெண்ணின் பெயரை நான் அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்து வெட்டினேன். அவர் செய்த குற்றம் என்று எங்கள் சங்கம் எதைச் சொன்னதோ, அதை நானும் செய்திருந்தேன். அதே நாளில், அதே இடத்தில். அதைச் சொல்லாமல் கோட்டைக் கிழித்தேன். எனக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. அவர் இறந்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை வெட்டிய கைக்கு அதைத் தன் வசதிக்காக மறுபடி எடுக்கும் உரிமை இல்லை என்று நினைக்கிறேன்.

கனடாவில், ஸ்காபரோவில், முதியோருக்கான ஒரு தொடர்மாடிக் கட்டடத்தில் இருந்தோம். நான் ஒன்பதாம் மாடி, அவர் நாலாம் மாடி. ஊரில் இருபத்தெட்டு வருடம் சரித்திரம் படிப்பித்தவன் என்பதால் எல்லோருக்கும் நான் மாஸ்ரர். எங்கள் தமிழ் முதியோர் சங்கத்தின் செயலாளர் வேலையும் அதனாலேயே என் தலையில் விழுந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு கூட்டம். அதற்கு முந்திய வெள்ளி காலையில் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு நாற்பது பேருக்கு மேல் தொலைபேசி எடுப்பேன். ஒருவருக்கு முழங்கால் நோ. இன்னொருவருக்கு மருமகள் கார் தரவில்லை. ஒருவர், "ஞாயிற்றுக்கிழமை மழையோ மாஸ்ரர்?" என்று என்னிடம் வானிலை கேட்பார். அந்தப் பெண்ணுக்கு எடுத்தால் மட்டும் இரண்டாவது மணி அடிக்காது.

"ஓம், வாறன்."

"தங்கச்சி, நான் இன்னும் விஷயத்தைச் சொல்லேல்லை."

"சொல்லுங்கோ. வாறன்."

அதனால் அவரையே முதலில் அழைப்பேன். மற்றவர்களின் சாட்டுகளைக் கேட்க அது கொஞ்சம் தெம்பு தரும்.

அவர் கட்டை உருவம். குளிர்காலத்தில் ஆண்கள் போடுகிற பெரிய சப்பாத்து. யாரோ கொடுத்த நீலக் கோட்டின் முதுகில் ஒரு ஹொக்கி அணியின் சின்னம் இருந்தது. அது என்னவென்று அவருக்குத் தெரியாது. அந்தக் கோட்டோடு அவர் போகாத இடம் இல்லை. கட்டடத்தின் அறிவிப்புப் பலகையில் "எல்லோரும் வருக" என்று எதை ஒட்டினாலும், அது தன்னைத்தான் என்று எடுத்துக்கொள்வார். சீனர்களின் புத்தாண்டுக்குப் போவார். சோமாலியப் பெண்ணின் பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் போவார். வேதப்புத்தகத்தோடு கதவைத் தட்டிய இரண்டு பெண்களின் ஜெபக்கூட்டத்துக்கு, ஒரு சொல் விளங்காமலே வாராவாரம் போனார். கடைசியில் அவர்கள்தான் களைத்துப்போய்த் தட்டுவதை நிறுத்தினார்கள்.

ஒருமுறை எங்கள் ஆள் ஒருவரின் தகப்பனார் இறந்து, உடலைப் பார்க்க ஒரு மலர்ச்சாலைக்குப் போனோம். அங்கே இவரைக் காணவில்லை. இரண்டு மணித்தியாலம் கழித்துப் பக்கத்து மண்டபத்திலிருந்து வெளியே வந்தார். கையில் பேப்பரில் சுற்றிய சான்ட்விச். அது ஒரு இத்தாலியக் குடும்பத்தின் சாவு.

"ஆரெண்டு தெரியாமல் ஏன் அங்க இருந்தனீங்கள்?"

"வாசலில நிண்ட பெடியன் கையைப் பிடிச்சு, 'கம் இன், கம் இன்' எண்டவன். பிறகு எப்பிடி மாஸ்ரர் திரும்புறது?"

"செத்தது ஆர்?"

"ஒரு ஐயா. நல்ல மனிசன் போல. எல்லாரும் உண்மையா அழுதவை."

சங்கத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். தீயணைப்பு மணி அடித்தாலும் "ஓம், வாறன்" என்பார் என்று நானே ஒருமுறை பகிடி விட்டேன். பெரிய சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்தார்.

ஆனால் அவரிடம் இன்னொரு பக்கமும் இருந்தது. கூப்பிடாத இடத்துக்கு அவர் போகமாட்டார். ஒரு தைப்பொங்கலன்று கீழ் மண்டபத்தில் பொங்கினோம். நெய் மணம் எல்லா மாடிக்கும் ஏறியது. அவர் வரவில்லை. நான் மேலே போய்ப் பார்த்தால், சேலை உடுத்துத் தயாராகக் கதிரையில் இருக்கிறார்.

"மணக்கேல்லையோ?"

"மணந்தது. ஒருத்தரும் கூப்பிடேல்லையே மாஸ்ரர்."

தொலைபேசியில் அவரைக் கூப்பிட நான் மறந்திருந்தேன். அதற்காக அவர் கோபிக்கவில்லை. கோபம் என்று எதையும் அவரிடம் நான் கண்டதில்லை. சில வேளை அது எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

எங்கள் கட்டடத்தில் ஒரு ஜப்பானியப் பெண்மணி இருந்தார். எண்பது வயதைத் தாண்டியவர், கனடாவிலேயே பிறந்தவர். சின்ன வயதில், இரண்டாம் உலக யுத்த காலத்தில், இந்த நாட்டு அரசாங்கம் அவருடைய குடும்பத்தை மேற்குக் கரையிலிருந்து கிளப்பி மலைகளுக்குள் ஒரு முகாமில் வைத்திருந்தது. இவருக்கும் அவருக்கும் உடுப்புத் தோய்க்கும் அறையில்தான் பழக்கம். இவரிடம் இருந்த ஆங்கிலம் ஐம்பது சொல் வரும். அதில் 'காம்ப்' ஒன்று; ஊரில் யுத்தம் முடிந்த பிறகு இவரும் ஒரு முகாமில் இருந்தவர். "மீ ஓல்சோ காம்ப்" என்று இவர் சொன்ன நாளிலிருந்து இருவரும் சேர்ந்துதான் துணி மடிப்பார்கள்.

அந்தப் பெண்மணி ஒரு ஜூலை மாதம் இவரைத் தங்கள் கோயிலுக்கு அழைத்தார். வருடத்தில் ஒருநாள் அங்கே இறந்தவர்களை வரவேற்று வட்டமாக ஆடுவார்கள். பார்க்க வருகிறவர்களும் ஆடலாம். இவர் "ஓம், வாறன்" என்றுவிட்டு என்னிடம் வந்தார்.

"மாஸ்ரர், நீங்களும் வாங்கோ. அவ சொல்லுறது எனக்கு முழுக்க விளங்காது."

"தங்கச்சி, அது புத்த கோயில்."

"ஓமாம். அவ கூப்பிட்டவ."

எனக்குத் தயக்கமாக இருந்தது. எங்கள் ஊரில், நான் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கு எதிரே, இராணுவ முகாமின் வாசலில் ஒரு அரசமரத்தின் கீழ் புத்தர் இருந்தார். தினமும் அவருக்கு முன்னால்தான் சைக்கிளால் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, உருட்டிக்கொண்டு போவேன். கனடாவுக்கு வந்த பிறகும் அந்த மூடிய கண்களைப் படத்தில் கண்டால் என் கை சட்டைப் பையைத் தடவும். ஆனாலும் போனேன். மொழிபெயர்க்கப் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கட்டடத்தின் சின்ன பஸ்ஸில் ஏழெட்டுப் பேர் போனோம்; தமிழர் நாங்கள் இருவர்தான். வழியில் அவர், நான் கேட்காமலே, ஒரு விஷயத்தைச் சொன்னார். அதற்கு முன்னும் பின்னும் அதைப்பற்றி அவர் பேசியதில்லை.

"வன்னியில கடைசி நேரம் மாஸ்ரர். இவர் காயத்தோட தறப்பாளுக்குக் கீழ கிடந்தவர். மகன் ஒரு ட்ரக்டரில ஏறிப்போட்டு, 'அம்மா வா, அம்மா வா' எண்டு கூப்பிட்டவன். நீ போடா, நான் பின்னால வாறன் எண்டன்." பஸ் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி திரும்பச் சொன்னார்: "கூப்பிட்டவன். நான் போகேல்லை."

கணவன் மறுநாள் இறந்தார். மகனுக்கு என்ன நடந்தது என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

கோயிலின் வாகனத் தரிப்பிடத்தில்தான் ஆட்டம். நடுவில் மரத்தால் ஒரு மேடை கட்டி, மேலே பெரிய மேளம் வைத்திருந்தார்கள். மேடையிலிருந்து நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கடதாசி விளக்குகள் தொங்கின. வெயில் இன்னும் சாயவில்லை. உள்ளே பொன்னிறத்தில் புத்தர் தெரிந்தார். நான் உள்ளே போகவில்லை. ஓரத்தில் ஒரு மடக்குக் கதிரையில் தொப்பியை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒலிபெருக்கியில் பாட்டு எழுந்தது, மேளம் அதிர்ந்தது. பருத்தி அங்கி அணிந்த கிழவிகளும் குழந்தைகளும் மேடையைச் சுற்றி வரத் தொடங்கினார்கள்.

"தங்கச்சி, இது செத்தவைக்கு ஆடுற ஆட்டம். தெரியும்தானே?" என்றேன்.

அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "செத்தவையைக் கூப்பிடுற ஆட்டம் எண்டு அவ சொன்னவ. கூப்பிட்டுப் பாப்பம். வந்தால், வந்திட்டான். வராட்டில் எங்கையோ உயிரோட இருக்கிறான். எனக்கு ரெண்டில எதெண்டாலும் போதும் மாஸ்ரர்."

வட்டத்துக்குள் போய், ஜப்பானியப் பெண்மணிக்குப் பின்னால் நின்றார். இரண்டு சுற்றில் கைகள் பிடிபட்டுவிட்டன. ஒரு ஆட்டம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுடையது. குனிந்து இரண்டு தரம் மண் வெட்டுவது, அள்ளியதைத் தோளுக்கு மேல் போடுவது, நெற்றியில் கை வைத்துப் பின்னால் பார்ப்பது, வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னே நடப்பது. அதை அவர் ஆடிய விதத்தில் ஜப்பானியக் கிழவிகளே திரும்பிப் பார்த்தார்கள். ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை.

திரும்பும்போது கேட்டேன், "எங்க பழகினீங்கள்?"

"உதைப் பழகவும் வேணுமோ? பங்கர் வெட்டினம். மூட்டையைத் தோளில போட்டம். ஆரும் வருகினமோ எண்டு திரும்பிப் பாத்தம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தம். நாங்கள் செய்ததுதானே மாஸ்ரர்."

இவ்வளவும் கண்டவன்தான் அடுத்த மாதம் அவருடைய பெயரில் கோடு கிழித்தேன்.

ஓகஸ்டில் எங்கள் செயற்குழு கூடியபோது பொருளாளர் தன் தொலைபேசியை எடுத்து மேசையில் வைத்தார். அந்தக் கோயில்காரர்கள் இணையத்தில் போட்ட படம். நடுவில் இவர், கைகள் தோளுக்கு மேலே. பின்னால் கோயில் வாசல். படத்தின் இடது மூலையில் ஒரு மடக்குக் கதிரையின் பாதி, இரண்டு முழங்கால், ஒரு சாம்பல் நிறத் தொப்பி.

அந்தத் தொப்பி அப்போது என் கதிரையின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எங்கட பிள்ளையளைக் கொன்றவங்கட சாமிக்கு முன்னால ஆடுறா, பாருங்கோ" என்றார் பொருளாளர்.

"உது ஜப்பான்காரற்ற கோயில் எல்லோ?" என்றார் ஒருவர் மெதுவாக.

"புத்தர் ஒராள்தானே!"

பொருளாளரின் கோபம் பொய்யில்லை. அவருடைய தம்பியை ஒரு விகாரைக்குப் பின்னால் இருந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. அந்தக் கோபத்துக்கு மரியாதையாகப் பதில் சொல்லக்கூடிய ஆள் அந்த அறையில் நான் ஒருவன்தான். ஜப்பானியர் வேறு, அவர்களுடைய வழி வேறு, அந்தக் கோயிலைக் கட்டியவர்களும் ஒரு அரசாங்கத்தால் வீடு பறிக்கப்பட்டவர்கள் என்று பத்து நிமிடத்தில் விளக்கியிருக்கலாம். தலைவர் என்னைத்தான் கேட்டார்.

"மாஸ்ரர், சரித்திரம் தெரிஞ்சவர் நீங்கள். சொல்லுங்கோ."

நான் தொப்பியை எடுத்து மேசைக்குக் கீழே என் மடியில் வைத்துக்கொண்டேன். "ஆக்களின்ர மனம் புண்படும். யோசிக்கத்தான் வேணும்" என்றேன்.

தலைவரும் பொருளாளரும் அவரை நேரில் போய் விசாரித்தார்கள். எனக்கு வைத்தியரிடம் போகவேண்டும் என்று ஒரு பொய் சொல்லி, நான் அவர்களோடு போகவில்லை. "போனதுதான், கூப்பிட்டவை எண்டு சொல்லுறா. ஒரு மன்னிப்புக்கூடக் கேக்கேல்லை" என்று திரும்பி வந்து சொன்னார்கள். சங்கத்திலிருந்து விலக்கவில்லை. அப்படிச் செய்தால் பேச்சு வரும். இனிமேல் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை என்று மட்டும் முடிவாயிற்று; அழைப்புப் பட்டியலில் பெயரை வெட்டுவது செயலாளரின் வேலை. அவரைப் பொறுத்தவரை எது பெரிய தண்டனை என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

செப்டெம்பர் முதல் ஞாயிறு நான் மின்தூக்கியால் இறங்கினேன். அவர் கட்டட வாசலில் உள்ள வாங்கில் இருந்தார். பச்சைச் சேலை, வாரிய தலை, மடியில் கைப்பை.

"கூட்டமோ மாஸ்ரர்?"

"ஓம்."

"போட்டு வாங்கோ."

ஒக்ரோபரில் இருந்தார். நவம்பரில் சேலைக்கு மேல் அந்த நீலக் கோட்டோடு இருந்தார். ஏன் கூப்பிடவில்லை என்று ஒருநாளும் கேட்கவில்லை. டிசெம்பரில் நான் பின்வாசலால் போனேன். ஜனவரியில் அவருடைய பெறாமகள், உடன்பிறந்தவரின் மகள், வந்து அவரை அஜக்ஸில் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள். தனிய இருந்து யோசிக்கிறா, சாப்பிடுகிறா இல்லை என்று காவலாளியிடம் சொல்லிவிட்டுப் போனாளாம்.

வசந்தத்தில் ஒருநாள் பொருளாளரும் நானும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பேச்சு வந்தது.

"நாங்கள் அண்டைக்கு அவவை இன்னொண்டும் கேட்டனாங்கள் மாஸ்ரர். எங்கட ஆக்கள் வேற ஆரும் வந்தவையோ எண்டு. இல்லை, நான் தனியத்தான் எண்டவ."

கோப்பிக் கோப்பையை வைத்தேன். வைத்த சத்தம் பெரிதாக இருந்திருக்க வேண்டும். அவர் என்னைப் பார்த்தார்.

ஜூன் மாதம் ரயில் ஏறி அஜக்ஸுக்குப் போனேன். பெறாமகளின் வீட்டு நிலக்கீழ் அறையில் இருந்தார். மெலிந்திருந்தார். நான் நின்றபடியே சொன்னேன்.

"உங்கட பேரை வெட்டினது நான்தான்."

"தெரியும். இருங்கோ. ரீ குடிக்கிறியளோ?"

"நானும் அண்டைக்கு அங்க வந்தனான் எண்டு அவையளுக்குச் சொல்லேல்லை."

"அதுவும் தெரியும்."

"ஏன் என்னைக் காட்டிக் குடுக்கேல்லை?"

அவர் என்னை ஒரு விளங்காத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நான் கூப்பிட வந்தனீங்கள். கூப்பிட்டு வந்த ஆளை எப்பிடி மாஸ்ரர் காட்டிக் குடுக்கிறது?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அடுத்த மாதம் அந்தக் கோயிலில் ஆட்டம், இந்தமுறை நான் கூப்பிடுகிறேன், வருவீர்களா என்று கேட்டேன். கூப்பிட்டு முடியும் முன்பே பதில் வந்துவிட்டது. பழைய பதில்தான்.

பெறாமகள் காரில் இருவரையும் கொண்டுவந்து விட்டாள். ஜப்பானியப் பெண்மணி சக்கர நாற்காலியில் இருந்தார். இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் தொப்பியைக் காரிலேயே விட்டுவிட்டு, கோயிலுக்குள் போய்ச் சாம்பிராணி போட்டு வந்தேன். பிறகு வட்டத்துக்குள் இறங்கினேன். எனக்கு ஆட வராது. மற்றவர்கள் முன்னே தள்ளும்போது நான் தோளுக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் பின்னாலிருந்து, "இப்ப வெட்டு மாஸ்ரர், வெட்டு, இனித் தோளில" என்று சொல்லித்தந்தார். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அவர் சிரிப்பதைக் கேட்டேன்.

திடீரென்று சிரிப்பு நின்றது. என் முதுகைத் தட்டினார்.

"மாஸ்ரர், எங்கட ஆக்கள் வருகினம். உங்களை இன்னும் காணேல்லை. அந்தச் சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் பின்னால போய் நில்லுங்கோ. கேட்டால் நான் தனிய வந்தனான் எண்டு சொல்லுறன். கெதியாப் போங்கோ!"

வாசலில் பொருளாளர், மகளோடும் மருமகனோடும் வந்துகொண்டிருந்தார். நான் நகரவில்லை. இவர் என்னைவிட்டு விலகி, வட்டத்தின் மறுபக்கத்துக்குப் போய், யாரோ இரண்டு சீனப் பெண்களுக்கு நடுவில், என்னைத் தெரியாதவர்போல ஆடத் தொடங்கினார்.

நானே பொருளாளரிடம் போனேன். அவர் முகம் கறுத்தது. நான் கேட்காமலே, "பேத்தி பள்ளிக்கூடத்தில இந்த மேளம் பழகுறா மாஸ்ரர். இண்டைக்கு அடிக்கிறா. பிள்ளை கூப்பிடேக்க என்ன செய்யிறது" என்றார்.

"போன வருஷமும் நான் வந்தனான்" என்றேன். "அந்தப் படத்தில மூலையில இருக்கிற தொப்பி என்ர. அவவோட வந்து கதிரையில இருந்து பாத்தனான். உங்களிட்டை மறைச்சுப்போட்டு அவவின்ர பேரை வெட்டினனான்."

அவர் என் தோளில் தட்டினார். "விடுங்கோ, அது முடிஞ்ச கதை. அவவும் நிக்கிறாவோ? கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கோ." மேடையில் மேளக்குச்சியோடு ஏறிய சிறுமியைப் படம் எடுக்க விரைந்தார்.

அவ்வளவுதான். எனக்கு யாரும் கோடு கிழிக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னும் இதைச் சொன்னபோதும் ஒருவர் கைதட்டினார். மாஸ்ரருக்குப் பெரிய மனம் என்றார்கள். பட்டியலில் அவருடைய பெயரைத் திரும்ப எழுதினேன். அஜக்ஸிலிருந்து ஒருமுறை வந்தார். பிறகு உடம்பு விடவில்லை.

ஆனால் அன்று மாலை, ஆட்டம் முடியும்வரை அவர் என் பக்கம் வரவே இல்லை. பொருளாளரின் குடும்பம் புறப்பட்ட பிறகுதான் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு காருக்கு வந்தார். 401 நெடுஞ்சாலையில் ஏறியதும், பொருளாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன்.

முன் ஆசனத்திலிருந்து திரும்பிப் பார்த்தார். முகத்தில் கவலை.

"ஏன் மாஸ்ரர் சொன்னீங்கள்?" என்றார். "நான் சமாளிச்சிருப்பன்தானே."